இரண்டாவது டேபிளில் யாரும் இல்லை: சர்ஜரி பி.ஜி.க்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தியேட்டரில் இரண்டு டேபிள் ஓடியது. முதல் டேபிளில் விப்பிள். கணையத்தின் தலைப்பகுதியில் புற்று வந்தவருக்குச் செய்யும் நீண்ட அறுவை அது, காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துதான் முடியும். இரண்டாவது டேபிளில் ஒரு இங்குவைனல் ஹெர்னியா (கவட்டில் குடல் இறக்கம்), ஒரு ஹைட்ரோசீல் (விரையைச் சுற்றி நீர் தேங்குவது), மார்பில் ஒரு ஃபைப்ரோஅடினோமா (புற்று அல்லாத கட்டி). யூனிட்டில் எம்.எஸ். (அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்பு) படிக்கும் நான்கு பி.ஜி.க்களும் முதல் டேபிளுக்குப் போய்விட்டார்கள். அங்கே கை வைக்க இடம் இருந்தது இரண்டு பேருக்குத்தான். மற்ற இருவரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். ஹெர்னியாவுக்கு எனக்கு அசிஸ்ட் செய்தது எம்.பி.பி.எஸ். பயிற்சியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன்.

பல வருடம் முன்பு நானும் அந்த முதல் டேபிளை விட்டு நகராத ஆள்தான். அதற்கு நான் கொடுத்த விலையையும், எனக்காக இன்னொருவர் கொடுத்த விலையையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சாப்பிடாமல் டியூட்டி பார்ப்பது, சீனியரிடம் வாய்விடுவது, ரத்த சாம்பிளில் பெயர் மாற்றி ஒட்டுவது மாதிரியான தவறுகளை முதல் மாதத்திலேயே வார்டு கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

பாடத்திட்டத்தைப் பிரித்தே பார்க்காதது

எம்.எஸ். சேர்ந்ததும் பி.ஜி.க்கள் தேடிப் பிடிப்பது பழைய கேள்வித்தாள்களை. தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டிருக்கும் பொது அறுவை சிகிச்சைப் பாடத்திட்டத்தை முதல் வருடத்தில் முழுதாகப் படித்தவர் யாரென்று கேட்டால் கை தூக்க ஆள் இருக்காது. பெரிய பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைத்தான் அதில் போட்டிருப்பார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நோய்களின் பட்டியலும் அதில் இருக்கிறது, ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, எந்த வேலையில் உங்கள் கை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது. கேஸ்களைப் பதிந்து வைக்கும் லாக்புக்கில் ஒவ்வொரு கேஸுக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கிறதே, அதன் நான்கு படிகளும் இங்கிருந்து வருபவைதான். பார்த்தது, அசிஸ்ட் செய்தது, சீனியர் கூட நிற்கச் செய்தது, தனியாகச் செய்தது. கட்டத்தில் போடும் எழுத்து கல்லூரிக்குக் கல்லூரி மாறலாம், படிகள் இவைதான். சீழ் கட்டியைக் கீறுவது, நெஞ்சில் டியூப் போடுவது, ஹைட்ரோசீல், ஹெர்னியா, அப்பென்டிக்ஸ் எல்லாம் மூன்று வருடம் முடிந்து வெளியே போகிறவர் தனியாகச் செய்ய வேண்டிய பக்கத்தில் இருக்கின்றன. விப்பிள் பார்த்தோ அசிஸ்ட் செய்தோ தெரிந்துகொள்ள வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாடத்திட்டம் புரிந்த மாதிரி.

பெரிய கேஸைத் துரத்துவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

ஒரு கணக்குப் போடுவோம். எம்.எஸ். 3 வருடம், 36 மாதம். அதில் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் மாவட்ட ரெசிடென்சி 3 மாதம். யூராலஜி, பிளாஸ்டிக், குழந்தைகள் அறுவை, நியூரோ, மயக்கவியல் என்று வெளி போஸ்டிங்குகள் சில மாதம். கடைசியில் படிப்புக்கென்று ஒதுங்கும் மாதங்கள் வேறு. சொந்த யூனிட்டில் மிஞ்சுவது சுமார் இரண்டு வருடம். வாரத்துக்கு இரண்டு தியேட்டர் நாள் என்று வைத்தால் மொத்தம் 200 நாள் சொச்சம். ஒரு விப்பிளில் இரண்டாவது அசிஸ்டன்டாக நின்றால் அதில் ஒரு நாள் போனது. அந்த நாளில் பக்கத்து டேபிளில் மூன்று சின்ன கேஸ் முடிந்திருக்கும்.

என் பி.ஜி. காலத்தில், உறுப்புகளை ஒதுக்கிப் பிடிக்கும் டீவர் ரிட்ராக்டரை ஆறு மணி நேரம் அசையாமல் பிடிக்கிறவன் என்று எனக்கு நல்ல பெயர். கணையம், உணவுக்குழாய், கல்லீரல் எதுவாக இருந்தாலும் சீஃப் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு அது பெருமை. ஹெர்னியா லிஸ்டில் என் பெயர் வந்தால், "நீ போய்ப் பண்ணிக்கோடா" என்று கோ-பி.ஜி.யிடம் தள்ளிவிடுவேன். மூன்று வருட முடிவில் என் லாக்புக்கைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அவ்வளவு பெரிய பெரிய அறுவைகள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே வார்த்தை: அசிஸ்ட். தனியாகச் செய்த ஹெர்னியாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே நாள் குறித்துச் செய்தவை, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஏ.பி. (அசிஸ்டன்ட் புரொஃபசர்) நின்றிருந்தார்.

எம்.எஸ். முடித்ததும் ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் போஸ்டிங். சர்ஜன் நான் ஒருவன்தான். இரண்டாவது மாதம், இரவு பதினொன்றரை மணிக்கு, எழுபதை நெருங்கிய ஒரு விவசாயி வந்தார். கவட்டில் வீக்கம் காலையிலிருந்து உள்ளே போகவில்லை, வாந்தி, தொட்டால் கத்துகிறார். ஸ்ட்ராங்குலேட்டட் ஹெர்னியா: இறங்கிய குடல் இறுகி, அதற்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்ட நிலை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினால் ஒன்றரை மணி நேரம், குடல் அதுவரை தாங்காது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார், ஸ்பைனல் போட்டார், நான் கத்தியை எடுத்தேன்.

எக்ஸ்டர்னல் ஆப்லிக் என்ற தசை அடுக்கு வரை சரியாகப் போனேன். அதற்குக் கீழே எல்லாம் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, எது குடல் இறங்கிய பை, எது விந்துநாளத் திரள் என்று பிரித்தறிய முடியவில்லை. நிதானமாக இருக்கும்போது முத்து வெள்ளையில் பளிச்சென்று தெரியும் பை, அன்று கருநீலமாகக் கிடந்தது. இறுக்கத்தை விடுவித்தால் போதும் என்ற அவசரத்தில், பையைத் திறப்பதற்கு முன்பே இறுக்கிக்கொண்டிருந்த வளையத்தை வெட்டிவிட்டேன். மறு நொடியே உள்ளே இருந்த குடல் வழுக்கி வயிற்றுக்குள் போய்விட்டது.

இதைப் படிக்கும் முதல் வருட பி.ஜி.க்கு விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக விளக்குகிறேன். இந்த அறுவையில் வரிசை மாறக் கூடாது. முதலில் பையைத் திறக்க வேண்டும். உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். குடலைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் வளையம். விடுவித்த குடலுக்கு வெதுவெதுப்பான சலைன் துணி வைத்துக் காத்திருந்து, நிறம் திரும்புகிறதா, துடிப்பு தெரிகிறதா, அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். செத்த குடல் பார்க்கப்படாமலே உள்ளே போய்விட்டால் அது அங்கேயே ஓட்டை விழும், வயிறு முழுக்க நஞ்சாகும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வைவாவில் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். என் கைக்குத்தான் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் முழு மயக்கம் கொடுத்து வயிற்றின் நடுவே கீறித் திறந்தேன். அந்தக் குடல் பகுதியைத் தேடிப் பிடித்தபோது ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்தது. வெட்டி எடுத்து இணைத்தேன். கையில் பிடித்து வைத்திருந்தால் கவட்டுக் கீறல் வழியாகவே முடிந்திருக்கக்கூடிய வேலை. வயிற்றுத் தையலில் சீழ் வைத்து மூன்று வாரம் வார்டில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற அன்று டிரெஸ்ஸிங்கைத் தடவிக்கொண்டே கேட்டார்: "கவட்டுல வீக்கம்னுதானய்யா வந்தேன், வயித்த எதுக்கு அறுத்தீங்க?" நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை.

நான் பார்த்த விப்பிள்கள் எதுவும் அந்த இரவில் எனக்கு உதவவில்லை. கோ-பி.ஜி.யிடம் தள்ளிவிட்ட ஹெர்னியாக்களில் இருபது என் கைக்கு வந்திருந்தால் உதவியிருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டுமான விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஐந்து வருட சர்ஜரி ரெசிடென்சி முடித்து போர்டு தேர்வுக்குப் போக 850 அறுவைகள் வேண்டும். பெரும்பாலும் ஆபரேட் செய்த சர்ஜனாக இருந்தால்தான் அவை எண்ணிக்கையில் சேரும். ரெசிடென்சி என்ற முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேரூன்ற வைத்த வில்லியம் ஹால்ஸ்டெட்டின் அடிப்படையே பொறுப்பைப் படிப்படியாகக் கையில் கொடுப்பதுதான். அவர் தன் காலத்தில் உழைத்த அறுவைகளில் ஒன்று இதே இங்குவைனல் ஹெர்னியா. இதைச் சின்ன கேஸ் என்று முதலில் சொன்னவர் யாரோ, எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது.

பெரிய அறுவைகளைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள், மாதத்துக்கு ஒன்றாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நின்று பாருங்கள். ஆனால் முதல் நாள் மாலையே தியேட்டர் லிஸ்டை எடுத்து, நாளைக்கு என் கை எந்த கேஸில் ஒரு படி மேலே போகும் என்று கேட்டுக்கொண்டு டேபிளைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததும் ஏ.பி.யிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "சார், நாளைக்கு ஹெர்னியாவில் பை பிரிக்கிறது வரைக்கும் நான் பண்ணட்டுமா?" என்று கேட்கும் பி.ஜி.யிடம் முடியாது என்று சொன்ன ஏ.பி.யை நான் பார்த்ததில்லை.

லாக்புக்கை மாதக் கடைசியில் நிரப்புவது

தியேட்டர் ரிஜிஸ்டரைப் பார்த்து மொத்தமாக எழுதினால் எல்லாம் 'அசிஸ்ட்' என்றுதான் வரும். அன்றைக்கே எழுதுங்கள். நான் என் பி.ஜி.க்களை ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன்: இன்று உன் கை எதைச் செய்தது? "தோல் கீறினேன், இலியோஇங்குவைனல் நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்கினேன், மெஷ்ஷுக்கு இரண்டு தையல் போட்டேன்." இப்படி ஆறு மாதம் எழுதினால் எந்த இடத்தில் தேங்கி நிற்கிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும். "ரிட்ராக்டர் பிடித்தேன்" என்பது மட்டும் பத்துப் பக்கம் வந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

மாவட்ட ரெசிடென்சியை லீவு என்று நினைப்பது

3, 4, 5 ஆகிய செமஸ்டர்களில் ஒன்றில் மூன்று மாதம் வரும். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு படிக்கப் போகிறேன் என்கிறார்கள். மாவட்ட மருத்துவமனையில் விப்பிள் கிடையாது. ஹெர்னியாவும் அப்பென்டிக்ஸும் சர்க்கரை நோய்க் கால் புண்ணும் நிறைய உண்டு, கையைப் பிடித்துச் சொல்லித்தர அனுபவமுள்ள சர்ஜனும் இருப்பார், உங்களோடு போட்டி போட ஆறு பி.ஜி.க்கள் இருக்க மாட்டார்கள். என் காலத்தில் இது கிடையாது. இருந்திருந்தால் அந்த விவசாயிக்கு ஒரு கீறல் மிச்சம்.

அரிதான நோயில் தீசிஸ் எடுப்பது

ஐம்பது கேஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வருடத்துக்கு ஏழு பேர் வரும் நோயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கே சில மாதம் போகும், தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். கேஸ் சேர்க்கக் கிடைப்பது ஒன்றரை வருடம், அவ்வளவே. தலைப்பை முடிவு செய்வதற்கு முன் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் உட்கார்ந்து போன இரண்டு வருட எண்ணிக்கையை எடுங்கள்.

முதல் தாள்

நான்கு தியரித் தாள்களில் முதலாவது அடிப்படை அறிவியல். அனாடமியை எம்.பி.பி.எஸ்.ஸில் படித்தாயிற்று என்று விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் அழுகிறார்கள். நாளைக்கு எந்தக் கேஸோ அந்தப் பகுதியின் அனாடமியை இன்று இரவு அரை மணி நேரம் படியுங்கள். தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டியிருக்காது.

மயக்கவியல் போஸ்டிங்

கையெழுத்து வாங்கிவிட்டு ஓடாதீர்கள். சுவாசக்குழாயில் டியூப் போடக் கற்றுக்கொள்ள உங்களுக்குக் கிடைக்கும் நல்ல இடம் இதுதான்.

ரிசர்ச் மெத்தடாலஜி, எதிக்ஸ், உயிர்காப்புப் பயிற்சி

முதல் வருடத்திலேயே முடியுங்கள்.

வருகைப் பதிவு

80 சதவீதம். பேரம் கிடையாது.

அடுத்த செவ்வாய்க்கும் இரண்டு டேபிள். முதலாவதில் உணவுக்குழாய். இரண்டாவதில் இரண்டு ஹெர்னியா, வால் எலும்புப் பக்கம் ஒரு பைலோனிடல் சைனஸ். லிஸ்டை வார்டில் ஒட்டியாயிற்று. இரண்டாவது டேபிளுக்கு எதிரே பெயர் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.