பெற்றோல் இல்லாத நாளுக்கு ஒரு சைக்கிள்: பழையதைப் பார்த்து வாங்கும் முறை

2022இல் இலங்கையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். மின்சார ஸ்கூட்டரை நம்பலாம் என்றால், அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எரிபொருளை எஞ்சினுக்குள் பீச்சும் இன்றைய இன்ஜெக்சன் வண்டியில் அது சரிவராது. ஆகவே கியர் இல்லாத, இரும்புச் சட்டம் போட்ட சைக்கிளே என் தெரிவு.

1. முதலில் ரயர், பிறகுதான் சைக்கிள்

அநேகர் மாட்டுப்படும் இடம் இது. "26" என்று கேட்டு வாங்கிய ரயர் ரிம்மில் ஏறாது. ரயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் சின்னதாக ஓர் எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது, ரயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். பொருந்த வேண்டியது இரண்டாவது எண். 26×1⅜ என்றால் 590. மவுண்டன் சைக்கிளின் 26×1.95 என்றால் 559. பழைய பெரிய சைக்கிளின் 28×1½க்கு 635.

எழுத்து தெரியாவிட்டால் துடைத்துவிட்டுச் சோக்கட்டியைப் படுக்கவைத்துத் தேயுங்கள். புடைத்த எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

உங்கள் ஊர்க் கடைகளில் எந்த எண் அதிகம் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு, அந்த அளவில் சைக்கிள் தேடுங்கள்.

2. செயின்

செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளவுங்கள். புதுச் செயினில் அங்கே சரியாக இன்னோர் ஆணி இருக்கும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றினால் போதும். 1/8 தள்ளியிருந்தால் பின்சில்லின் பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் அழுத்தி மிதிக்கும்போது புதுச் செயின் வழுக்கும்.

3. கொட்டர் பின்

மிதிக்கும்போது சுற்றுக்குச் சுற்று 'டக்' என்று கேட்டால் பெடல் தண்டை நடு அச்சோடு பிடித்து வைக்கும் ஆப்பு, அதாவது கொட்டர் பின், தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் முறுக்காதீர்கள், புரி அறுந்துவிடும். தண்டுக்குக் கீழே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிய பிறகே நட்டை இறுக்குங்கள். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பெயரிங் குண்டுகளில் விழும். ஒரு நாள் ஓடிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

4. வாங்கி வைக்க வேண்டியவை

ரியூப் 2, ரயர் 1, பிரேக் கட்டை 2 சோடி, ஒட்டுச் சாமான், கைப்பம்பு. குண்டுகள் முன்சில்லுக்கு 3/16 அங்குலம், பின்சில்லுக்கு 1/4. இரும்பு ரிம் மழையில் பிரேக்கை லேசில் பிடிக்காது, முன்கூட்டியே அழுத்துங்கள்.

பின்சேர்ப்பு: பஞ்சருக்குப் போட்ட ஒட்டு கழன்றுவிடுகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் காரணம். ரியூப்பைச் சொரசொரப்பாகத் தேய்த்து, பசையை மெல்லிசாகப் பூசி, மினுமினுப்புப் போகும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். ஒட்டிய இடமே திரும்பப் பஞ்சரானால் முள் இன்னும் ரயரில் இருக்கிறது. உட்புறத்தைப் பஞ்சால் சுற்றித் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் முள் நிற்கும்.