விற்கப்போகும் பழைய ஃபிளாட்டில் எதற்குக் காசு போடக் கூடாது

சென்னையில் 25, 30 வருடப் பழைய ஃபிளாட்டை விற்கப்போகிறோம் என்றால், "கொஞ்சம் செலவு பண்ணிப் பளிச்சென்று ஆக்குங்கள், நல்ல விலை போகும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். போகும். போட்ட காசுக்கு மேல் போகுமா என்பதுதான் கேள்வி. பழைய ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு யூடிஎஸ்ஸுக்கு, அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்குக்கு. கட்டடம் வருடா வருடம் தேய்மானம் ஆகும். பேங்க் வேல்யூயரும் அப்படித்தான் மதிப்புப் போடுவார். இத்தாலியன் மார்பிளே இழைத்தாலும் யூடிஎஸ் ஒரு சதுர அடிகூட ஏறாது.

பலரும் பட்ஜெட்டைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட்டை அப்படியே வீட்டு விலையில் ஏற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. விற்கும் விலையிலிருந்துதான் பின்னோக்கி வர வேண்டும். உதாரணத்துக்கு 900 சதுர அடி வீடு. அதே தெருவில் இருக்கிறபடியே விற்றால் சதுர அடி 6,500, சரிசெய்து விற்றால் 7,000 என்றால், வித்தியாசம் நாலரை லட்சம். வேலை நடக்கும் மாதங்களின் மெயின்டனன்ஸ், வீட்டுக் கடன் இருந்தால் இஎம்ஐ, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நானாக இருந்தால் மூன்று லட்சத்தைத் தாண்ட மாட்டேன். அதிலும் அரை லட்சத்தை, உடைத்த பிறகே தெரியவரும் வேலைகளுக்கு ஒதுக்கிவைப்பேன். தெருவின் விலையை அறிய அண்மையில் விற்றவர்களிடமே விசாரியுங்கள். வில்லங்கச் சான்றில் கைமாற்றுத் தொகை, அதாவது பத்திரத்தில் எழுதிய விற்பனை விலை இருக்கும்தான். பத்திரத்தில் எழுதியதும் கையில் வாங்கியதும் ஒன்றே என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

அடுத்தது, ஓதத்தை, அதாவது சுவரில் ஊறிய ஈரத்தை, பட்டிப் பூச்சால் மூடுவது. இதைவிட மோசமான தவறு இல்லை. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பியிருக்கும். சுரண்டிப் பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்தால் படத்தில் அழகாக விழும். அடுத்த மழைக்கு மறுபடி பொரியும். விவரமானவர் அந்தச் சுவரைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். சீலிங்கிலும் இதே கதை. உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருத்து, காங்கிரீட்டைக் கீழே தள்ளும். தட்டினால் 'டொப் டொப்' என்று உள்ளே வெற்றிடம் போல ஒலிக்கும் இடத்தை உடைத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசிய பிறகே பூச்சு வேலை. பாத்ரூமை உடைத்தால் வாட்டர்புரூஃபிங் செய்து, தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது வைத்து, கீழ்வீட்டுச் சீலிங்கைப் பார்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்துவார். விடாதீர்கள்.

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர்சிவப்பு: இதெல்லாம் உங்கள் ரசனை. வாங்குகிறவர் வந்ததும் பிடுங்கிப்போடுவார். வெளிர்நிறப் பெயின்ட், ஒழுகாத குழாய், ஒழுங்கான சுவிட்சுகள் போதும்.

பால்கனியை மூடி ரூம் ஆக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று பெட்ரூம் என்று விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் வாங்குகிறவர் லோனுக்குப் போனால் வேல்யூயர் அப்ரூவ்ட் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார். பிளானில் இல்லாத அறைக்கு மதிப்புப் போட மாட்டார். சில சமயம் லோனே நின்றுவிடும். அந்தக் காசில் பாதியைப் பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குச் செலவழித்தால் பேரம் சீக்கிரம் முடியும்.

பில் வாங்காமல் ரொக்கமாகக் கொடுப்பதும் வழக்கமாக நடப்பதுதான். வரிக் கணக்கில் அது இடிக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், கிடைக்கும் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி; 2024 ஜூலை 23 முதல் பணவீக்கச் சரிக்கட்டு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், சரிக்கட்டோடு 20 சதவீதம் என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டும் வழி இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு உண்டு. இரண்டிலுமே சொத்தை மேம்படுத்திய செலவைக் கழிக்கலாம். வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது போன்ற சில்லறைப் பராமரிப்பு அதில் சேராது. எது சேரும் என்று வேலை தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டு, அந்த வேலைகளுக்காவது பில்லோடு பேங்க் வழியாகப் பணம் கொடுங்கள்.