ஓடையில் சாயத்தண்ணீர் வந்தால் மனுவை யார் யாருக்குப் போடுவது

ஓடைத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக, மறுநாள் நீலமாக ஓடினால் நம்மில் பலர் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு போட்டுவிட்டுக் காத்திருப்போம். அது மட்டும் போதாது. சாயப்பட்டறையை மூடு என்று உத்தரவு போடுவது வாரியம்தான், ஆனால் ஃபியூஸைப் பிடுங்குவது மின்வாரியம், ஓடைப் புறம்போக்கு வருவாய்த்துறையின் கையில், ராத்திரியில் டேங்கரில் கொண்டுவந்து கொட்டுகிறவனை மடக்க வேண்டியது போலீஸ். இவர்களை ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் நம் வேலை.

மனுவை ஆட்சியருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், கோட்டாட்சியர், மின்வாரியச் செயற்பொறியாளர் மூவருக்கும் நகல் போகட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு ஓடையின் சர்வே எண்ணைக் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் 'இடம் தெளிவாக இல்லை' என்று மனு திரும்பிவிடும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாத் துறையும் சேர்ந்த கூட்டு ஆய்வு. ஒரே அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் 'அது எங்கள் துறை இல்லை' என்று யாரும் நழுவ முடியாது.

சரி, சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பது. நீங்கள் பாட்டிலில் பிடித்து வைத்த தண்ணீர் அதிகாரியைக் கிளப்பிவிடப் பயன்படும், வழக்கில் நிற்காது. 1974ஆம் ஆண்டுத் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறபடி பட்டறைக்காரருக்குத் தெரிவித்து, முத்திரை வைத்து, வாரியம் எடுத்தால்தான் அது சாட்சி. அதனால் சாயத்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாரியத்துக்குப் போன் அடியுங்கள், பெரும்பாலும் அது மழை நேரமாகவோ நடுராத்திரியாகவோதான் இருக்கும்.

அதே சட்டத்தின் 33ஏ பிரிவில்தான் பல் இருக்கிறது. பட்டறையை மூடவும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் வாரியம் உத்தரவிடலாம். ஆனால் மின்வாரியம் துண்டிக்கும்வரை அது வெறும் காகிதம், இந்த இடைவெளியில்தான் எல்லாம் ஆறிப்போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு தேதிகளைக் கேளுங்கள்: உத்தரவு போட்ட தேதி, இணைப்பைத் துண்டித்த தேதி. 30 நாளில் பதில் தர வேண்டும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், மூடு என்பதோடு விடாமல் மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது.

வாரியம் அசையவில்லையா? கோட்டாட்சியரிடம் பொதுத்தொல்லை என்று மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு.

அதுவும் நடக்கவில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வு. அவர்களும் பல வழக்குகளில் முதலில் ஒரு கூட்டுக் குழுவைத்தான் போடுகிறார்கள், ஆட்சியரும் வாரியமும் அதில் இருப்பார்கள். பிரச்சினை தொடங்கியதிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆகவே திங்கட்கிழமை கொடுத்த மனுவின் ஒப்புகை ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.