பார்பிக்யூ சாஸ்: எந்த ஊர் சாஸை எப்போது தடவுவது?

சூப்பர் மார்க்கெட்டில் 'பார்பிக்யூ சாஸ்' என்று விற்கும் அந்தக் கெட்டியான, இனிப்பான, பழுப்பு நிற பாட்டில்தான் நம்மில் பலருக்கு அறிமுகம். அது அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பாணி. அதே நாட்டில் வட கரோலினாவின் கிழக்குப் பக்கம் போனால் சாஸ் ரசம் போல ஓடும், தக்காளியே இருக்காது. அலபாமாவின் வடக்கே வெள்ளை வெளேரென்று மயோனைஸ் சாஸ். டெக்சஸில் லாக்ஹார்ட் ஊரின் க்ரோய்ட்ஸ் மார்க்கெட், நல்ல கறிக்கு சாஸே வேண்டாம் என்று சொல்லியே பெயர் வாங்கிய கடை.

இதில் சிலவற்றை வீட்டிலேயே செய்யலாம். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கோழித் தொடையை வைத்துச் செய்யுங்கள், எல்லா சாஸும் அதோடு சேரும்.

படி 1: சாஸில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள்

புதிதாகச் சுடுகிறவர்கள் முதலிலேயே சாஸைத் தடவிவிட்டு, வெளியே கருகி உள்ளே வேகாத கறியோடு முழிப்பார்கள். காரணம் சர்க்கரை. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் அது நிறம் மாறத் தொடங்கும். சூடு இன்னும் ஏறினால் கசந்துபோகும். கனன்று கொண்டிருக்கும் கரிக்கு நேர் மேலே கம்பி வலை 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே சர்க்கரை இல்லாத சாஸை ஆரம்பம் முதலே தடவலாம். இனிப்பு சாஸ் என்றால் கடைசிப் பத்து நிமிடம்தான். மயோனைஸ் சாஸ் தீயிலிருந்து எடுத்த பிறகு. எண்ணெயும் பச்சை இலையும் கலந்தது தட்டுக்கு வந்த பிறகு.

படி 2: வினிகர் சாஸ் (கிழக்கு வட கரோலினா)

இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். அடுப்பே வேண்டாம்.

- ஆப்பிள் சைடர் வினிகர்: 1 கப்
- சில்லி ஃப்ளேக்ஸ்: 2 டீஸ்பூன்
- கொரகொரப்பாகப் பொடித்த மிளகு: 1 டீஸ்பூன்
- உப்பு: 1 டீஸ்பூன்

எல்லாவற்றையும் கண்ணாடி பாட்டிலில் போட்டு உப்பு கரையும்வரை குலுக்குங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, வினிகர் அதை அரிக்கும். உடனே ருசி பார்த்தால் வெறும் புளிப்புதான் தெரியும். ஒரு நாள் விட்டால் மிளகாயின் காரம் இறங்கி, வினிகர் லேசாகச் சிவந்திருக்கும்.

இவ்வளவு புளிப்பு எதற்கு? அந்தப் பக்கம் முழுப் பன்றியை மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வாட்டுவார்கள். கொழுப்பு அதிகம்; அந்தத் திகட்டலை வினிகர்தான் அடக்கும். சுடும்போதே மேலே தடவுவார்கள், பிறகு கொத்திய கறியிலும் ஊற்றிப் பிசறுவார்கள். சாஸ் தண்ணியாக இருப்பதால் கறிக்குள் இறங்கிவிடும். கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறிக்கு இது வெடுக்கென்று இருக்கும். தொடைக்கறிதான் சரி.

படி 3: அதிலிருந்தே இன்னும் இரண்டு

அந்த ஒரு கப்போடு கால் கப் கெட்ச்அப்பும் ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து ஐந்து நிமிடம் சூடாக்கினால், அதே மாநிலத்தின் மேற்குப் பக்கத்து லெக்சிங்டன் பாணி. அங்கே இதை 'டிப்' என்பார்கள். முழுப் பன்றிக்குப் பதிலாகத் தோள்பட்டைக் கறிதான் சுடுவது. கிழக்கா மேற்கா என்று அந்த ஊர்க்காரர்கள் போடும் சண்டை ஓய்ந்தபாடில்லை. என் ஓட்டு கிழக்குக்கே.

தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் சாஸ். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் கடுகுப் பழக்கம் அதற்குக் காரணம் என்பார்கள். அரை கப் மஞ்சள் மஸ்டர்ட் சாஸ், படி 2-இல் செய்ததில் கால் கப், இரண்டு டேபிள்ஸ்பூன் தேன்: கலக்கினால் முடிந்தது. தாளிக்கிற கடுகை அரைத்துப் போடாதீர்கள், கசக்கும்.

படி 4: கன்சாஸ் சிட்டி சாஸ்

1 கப் கெட்ச்அப், கால் கப் வினிகர், கால் கப் நாட்டுச் சர்க்கரை, 2 டேபிள்ஸ்பூன் மொலாசஸ் (கிடைக்காவிட்டால் கெட்டியான வெல்லப்பாகு), பூண்டுப் பொடியும் மிளகாய்த்தூளும் அரை டீஸ்பூன் வீதம். சிறு தீயில் இருபது நிமிடம், அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே இறக்குங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் பார்பிக்யூ விற்கத் தொடங்கிய ஹென்றி பெர்ரியின் சாஸ் நல்ல காரமானது என்கிறார்கள். இனிப்பு பின்னால் கூடியது. 1977-இல் ரிச் டேவிஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய 'கேசி மாஸ்டர்பீஸ்' அந்த இனிப்பு ருசியைக் கடை அலமாரிகளுக்குக் கொண்டுபோனது.

படி 5: அலபாமா வெள்ளை சாஸ்

டிகேட்டர் ஊரில் பாப் கிப்சன் 1925-இல் கோழிக்காகச் செய்தது. 1 கப் மயோனைஸ், கால் கப் வினிகர், 2 டீஸ்பூன் மிளகு, பாதி எலுமிச்சைச் சாறு, உப்பு. அடித்துக் கலக்கி, அடுப்பிலிருந்து எடுத்த கோழியை அப்படியே முக்கி எடுங்கள். தீயில் மட்டும் காட்டாதீர்கள், மயோனைஸ் திரிந்து எண்ணெய் பிரியும்.

படி 6: அமெரிக்காவுக்கு வெளியே

ஜப்பானின் யாகிடோரி (குச்சியில் கோர்த்துச் சுடும் கோழி) கடைகளில் 'தாரே' என்ற சாஸ். சோயா சாஸும் மிரினும் (சமையலுக்கான இனிப்பு அரிசி ஒயின்) அரை கப் வீதம், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன். மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை கொதிக்க விடுங்கள். இதுவும் இனிப்புதான் என்பதால் கோழி முக்கால்வாசி வெந்த பிறகே குச்சியோடு முக்கி, தீயில் காட்டி, மறுபடி முக்கி, மறுபடி காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய பூச்சு ஏறி மினுமினுக்கும். பழைய கடைகளில் பானையைக் காலி செய்வதே இல்லை, குறையக் குறையப் புதுசு ஊற்றிக்கொண்டே போவார்கள்.

அர்ஜென்டினாவில் மாட்டிறைச்சிக்கு வெறும் உப்புதான் போட்டுச் சுடுவார்கள். மேசையில் சிமிச்சுரி தனியாக இருக்கும்: பார்ஸ்லி, பூண்டு, உலர்ந்த ஓரிகானோ, சில்லி ஃப்ளேக்ஸ், வினிகர், எண்ணெய். கத்தியால் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் அடித்தால் சட்னியாகிவிடும்.

எதைச் செய்தாலும் பரிமாறுவதற்கு ஒரு கிண்ணம் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பச்சைக் கறியைத் தொட்ட பிரஷ் போன கிண்ணம் மேசைக்கு வரக்கூடாது. வினிகர் சாஸ் ஃப்ரிட்ஜில் சில வாரங்கள் நிற்கும், வெள்ளை சாஸை நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.