பத்தாம் திகதியிலிருந்து அடுத்த பத்தாம் திகதி வரை: மலையகத்தில் சிறுதொழில் தொடங்குவோருக்கு

தொழில் தொடங்க விரும்பும் தோட்டத்து இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, முதலீட்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதைத்தான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, எந்தக் குறையைக் கண்டு உங்களுக்குப் பொறுக்கவில்லை என்பதை. பணம் சேர்க்கும் ஆசை முதல் இரண்டு மாதங்களைக் கடத்திவிடும்; மேசை லாச்சியில் சில்லறை மட்டுமே கிடக்கும் ஏழாவது மாதத்தில் ஒருவரை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவது, கண்ட குறையைத் தானே தீர்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம்தான். ஹட்டனுக்கு அருகில் மிளகாயும் மல்லியும் அரைத்து விற்கும் நான் இத்தொழிலுக்கு வந்ததும் அப்படித்தான்: கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் களைத்து வரும் பெண்கள், தூள் வாங்க மீண்டும் பஸ் ஏறி நகரத்துக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்திருந்தேன்.

ஆகவே இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பத்து வீடுகளையாவது தெரிந்தெடுத்து, எதை, எங்கே, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரு மாதம் முழுவதும் குறித்து வாருங்கள். சம்பளம் வரும் பத்தாம் திகதியை ஒட்டி அரைக் கிலோவாக வாங்கிய வீடே, மாதக் கடைசியில் ஐம்பது கிராம் கேட்பதை அப்போது காண்பீர்கள். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையைக் கால், அரை, ஒரு இறாத்தல் பொதிகளாக்கி, ஏழைகளும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர் பிரித்தானிய வணிகர் தோமஸ் லிப்டன். 1890 இல் அப்புத்தளைப் பகுதியில் அவர் தோட்டங்களை வாங்கியது பலருக்குத் தெரியும். பொதியின் அளவை வாங்குபவரின் கைக்காசுக்கு ஏற்ப அமைத்ததுதான் நமக்கு உதவும் பாடம்.

சோதனையைச் சிறிதாக, வேறு வருமானம் இருக்கும்போதே செய்யுங்கள். இலங்கையில் தேயிலைத் தொழிலுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது கோப்பிதான் நாட்டின் பெரும் பயிராக இருந்தது. கோப்பி இலைகளைத் தாக்கிய துரு நோய் 1869 இல்தான் இங்கே தென்பட்டது. கோப்பி அழிந்தபோது மற்றவர்கள் பின்பற்றுவதற்கு, அவர் பங்களா விறாந்தையில் கையால் உருட்டிப் பழகிய முறை ஒன்று தயாராக இருந்தது. (அந்த மலைகளை வெட்டித் திருத்திய நம் முன்னோரின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது வேறு கதை.)

அடக்க விலை கணக்கிடுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். முதன்முறை பத்துக் கிலோ செத்தல் மிளகாய் வாங்கி, காம்பு கிள்ளி, உலர்த்தி, அரைத்து முடித்தபோது தராசில் நின்றது எட்டரைக் கிலோ. விலையையோ பத்துக் கிலோவுக்குப் போட்டிருந்தேன். குறையும் நிறை, மின்கட்டணம், பொதியுறை, பஸ் கூலி ஆகியவற்றோடு, மலையில் வேலைக்குப் போயிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நாட்சம்பளத்தையும் அடக்க விலையில் சேருங்கள். அதைச் சேர்க்காமல் வரும் இலாபம், உங்கள் உழைப்பை நீங்களே இலவசமாகக் கொடுத்ததன் மறுபெயர். மேலும், தென்மேல் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்தில் வெயிலை நம்பி உலர்த்த முடியாது. மே மாதத்துக்கு முன்பே மழைக்காலத்துக்கான சரக்கைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கடன் கொடுக்காமல் தோட்டத்தில் வியாபாரம் நடக்காது. ஒரு வீடு ஒரு மாதத்தில் வாங்கும் அளவே அதன் எல்லை என்று வைத்து, பழைய கணக்கைப் பத்தாம் திகதி தீர்த்த பிறகே புதிய பக்கத்தைத் திறவுங்கள். சாவு வீட்டுக்கு மட்டும் இந்த விதியை நான் பார்ப்பதில்லை. உண்மையில் என்னைத் தள்ளாட வைத்தது லயத்துக் கடன் அன்று, நூறு பொதிகளை வாங்கிவிட்டு மூன்று மாதம் இழுத்தடித்த நகரத்து மொத்தக் கடைதான்.

நீங்கள் வாங்கும் கடனில் இதைவிடக் கவனம் தேவை. தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பதால், லயத்து அறைக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) கிடையாது. உறுதி இல்லாமல் வங்கியில் ஈடு காட்டுவது கடினம். அதனால் வாராந்தத் தவணைக் கடனுக்குப் போகிறார்கள். வாடிக்கையாளரின் காசு மாதத்துக்கு ஒருமுறை வரும்போது உங்கள் தவணை வாரந்தோறும் வந்தால், ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் தேவைப்படும். அறிந்த பத்துப் பேரோடு மாதச் சீட்டுப் போட்டு, அந்தப் பணத்தில் பழைய இயந்திரம் ஒன்றை வாங்குவது மெதுவான வழிதான், ஆனால் இரவில் தூக்கம் வரும்.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் வருவதற்கு முன் நீங்களே அழைத்து இடத்தைக் காட்டுங்கள். லேபிளில் நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை ஆகியன இருக்க வேண்டும். விலையோடு சேர்த்து லேபிள்களை மொத்தமாக அச்சிடாதீர்கள்: 2022 இல் சாமான் விலை வாரத்துக்கு வாரம் ஏறியபோது, விலையோடு சேர்த்து அச்சிட்டிருந்த ஆயிரம் லேபிள்கள் எனக்கு வீணாயின. அன்றிலிருந்து விலையையும் திகதிகளையும் மட்டும் பொதி கட்டும் நாளில் இறப்பர் முத்திரையால் குத்துகிறேன்.