அவப்பெயர் சுமந்த ஓர் அரசவைப் பெண்ணின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? ஜேன் போலினை முன்வைத்து

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைப் பற்றி எழுத முற்படுபவர்கள் ரோச்ஃபோர்டு சீமாட்டி ஜேன் போலினைத் தாண்டிப் போக முடியாது. கணவன் ஜார்ஜையும், ஹென்றியின் இரண்டாவது அரசியான நாத்தனார் ஆன் போலினையும் பொய் சொல்லிக் கொலைக்களத்துக்கு அனுப்பியவள், பிறகு ஐந்தாவது அரசி கேத்தரின் ஹோவர்டின் இரகசியச் சந்திப்புகளுக்குத் துணைபோய்த் தானும் தலையிழந்தவள் என்பதே அவரைப் பற்றி நிலைத்துவிட்ட சித்திரம். இந்தச் சித்திரத்தின் பின்பாதிக்குச் சான்று உண்டு, முன்பாதிக்கு இல்லை. இரண்டையும் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டால், இதுபோல் பழி சுமந்த வேறு எந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் நேர்மையாக எழுத முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் நிகழ்ச்சி, இரண்டாவதில் அதைச் சொன்னவர், மூன்றாவதில் நிகழ்ந்து எத்தனை நாள் அல்லது எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார் என்பது. மூன்றாவது கட்டத்தை நிரப்பாமல் ஒரு வாக்கியம்கூட எழுதாதீர்கள்.

ஜேனின் தொடக்க காலம் இந்தத் தாளில் சில வரிகளில் முடிந்துவிடும். ஏறத்தாழ 1505இல் பிறந்தவர். தந்தை மோர்லி பிரபு ஹென்றி பார்க்கர், நூல்களை மொழிபெயர்த்த கல்விமான். 1522 மார்ச்சில் அரசவையில் நடந்த ஒரு களியாட்டத்தில், நற்குணங்களை உருவகிக்கும் பெண்களுள் ஒருவராக ஜேனும் வேடமேற்றார். அவர் ஏற்ற குணம் மாறாத உறுதி. 1525க்குள் ஜார்ஜ் போலினுடன் திருமணம் முடிந்துவிட்டது. அந்தத் திருமணம் கசந்தது என்று நீங்கள் எங்கே படித்தாலும், அதை எழுதியவர் எந்த ஆண்டைச் சேர்ந்தவர் என்று பாருங்கள். 1534இல் ஹென்றியின் கண் வேறொரு பெண்மேல் விழுந்தபோது, அவளை அரசவையிலிருந்து அகற்ற ஆனுடன் சேர்ந்து திட்டமிட்டதற்காக ஜேனே வெளியேற்றப்பட்டார் என்பது அதே ஆண்டில், புனித ரோமானியப் பேரரசரின் தூதர் ஷப்பூயி எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நாத்தனாரை வெறுத்தவர் செய்யக்கூடிய காரியம் அன்று இது.

அடுத்து 1536 மே மாதம். இங்கேதான் நிதானம் வேண்டும். ஆனும் ஜார்ஜும் மே 2 அன்று கைதானார்கள்; 15இல் விசாரணை, 17இல் ஜார்ஜுக்கும் 19இல் ஆனுக்கும் மரண தண்டனை நிறைவேற்றம். அக்காவும் தம்பியுமா, அண்ணனும் தங்கையுமா என்பதே இன்றும் தீராத உடன்பிறப்புகள் முறைதவறி உறவு கொண்டதாகச் சொன்னவர் ஜேன்தான் என்பது பிற்காலத்துக் கதை. அந்த மாதத்திலேயே எழுதப்பட்டவற்றை எடுத்துப் பாருங்கள். அரசிமேல் முதலில் குற்றம் சொன்னவர்களாக ஜான் ஹசி என்பவரின் கடிதம் வூஸ்டர் சீமாட்டியையும், நேன் காபம் என்பவரையும், பெயர் சொல்லாத இன்னொரு பணிப்பெண்ணையும் குறிப்பிடுகிறது. ஜார்ஜைப் போல் வைகவுண்டு என்ற பிரபுப் பட்டம் பெற்ற ஒருவரின் மனைவியை அந்தக் காலத்தவர் அப்படிப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஷப்பூயி எழுதியதில் ஜேன் வருகிறார், ஆனால் வேறொரு விஷயத்தில்: மன்னரின் ஆண்மைக் குறையைப் பற்றி ஆன் ஜேனிடம் பேசினார் என்ற குறிப்பு தாளில் எழுதி ஜார்ஜிடம் நீட்டப்பட்டது, அதை உரக்கப் படிக்க வேண்டாம் என்ற கட்டளையை மீறி ஜார்ஜ் படித்துவிட்டார். முறைதவறிய உறவுக் குற்றத்துக்கோ, இருவரும் ஒருமுறை நெடுநேரம் தனித்திருந்தார்கள் என்ற ஊகத்தைத் தவிர வேறு சான்று இல்லை என்று அதே தூதர் எழுதுகிறார். மனைவியே சாட்சி சொல்லியிருந்தால் அவருக்கு இப்படி எழுத வேண்டிய தேவை இருந்திராது. ஜேன் விசாரிக்கப்பட்டிருக்கலாம், கேட்டதை ஒப்புக்கொண்டிருக்கலாம். மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் முன் நின்று பதில் சொல்வதும் தாமாகப் போய்ப் பழி சுமத்துவதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். லண்டன் கோபுரத்தின் காவல் அதிகாரி வில்லியம் கிங்ஸ்டன் அந்த நாட்களில் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதங்கள், அவை இருந்த நூலகத்தில் 1731இல் பிடித்த தீயில் விளிம்பு கருகி, சொற்கள் விடுபட்டுப் போனவை. அவற்றுள் ஒன்றில், சிறையிலிருந்த ஜார்ஜுக்கு மனைவியிடமிருந்து செய்தி வந்தது பதிவாகியிருக்கிறது: எப்படி இருக்கிறீர்கள் என்ற நலம் விசாரிப்பு, உங்களுக்காக மன்னரிடம் மன்றாடுவேன் என்ற உறுதி. ஜார்ஜ் அவருக்கு நன்றி சொல்கிறார். தீ விட்டுவைத்த இந்த ஒன்றிரண்டு வரிகளுக்கு, பின்னாளில் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட எடை அதிகம்.

இனி மூன்றாவது கட்டத்தில் எண்கள் பெரிதாகும். கில்பர்ட் பர்னெட் தமது திருச்சபைச் சீர்திருத்த வரலாற்றை வெளியிட்டது 1679இல், அதாவது 143 ஆண்டுகள் கழித்து; ஜேனை மன்னரிடம் கோள்மூட்டியவராகக் காட்டுவது அந்த நூல். ஆன், எலிசபெத் அரசியின் தாய் என்பதால் அவரைக் குற்றமற்றவராகக் காட்ட வேண்டிய தேவை புராட்டஸ்டன்ட் எழுத்தாளர்களுக்கு இருந்தது. எலிசபெத்தின் தந்தையைப் பழிப்பதோ சங்கடம். மிச்சமிருந்தவர் ஜேன். கொலைக்களத்தில் ஜேன் தம் பொய்யை ஒப்புக்கொண்டதாக உலவும் உருக்கமான பேச்சும் கட்டுக்கதைக்குப் பேர்போன பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர் கிரெகோரியோ லெட்டியின் பக்கங்களைச் சேர்ந்தது. அந்தச் சாவை நேரில் கண்ட வணிகர் ஓட்வெல் ஜான்சன் இரண்டு நாள் கழித்துத் தம் சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில், ஜேன், கேத்தரின் ஆகிய இரு பெண்களும் பக்தியோடு இறந்தார்கள் என்கிறார். அப்படி ஒரு வாக்குமூலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பணக்கணக்கையும் விடாதீர்கள். துரோகத்தால் ஜேன் ஆதாயம் அடைந்தாரா என்று கேட்பவர்களுக்கு, கணவன் இறந்தபின் அவர் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதமே பதில். திருமணத்தின்போது மன்னரும் தம் தந்தையும் மாமனார் தாமஸ் போலினுக்குக் கொடுத்தது 2,000 மார்க். தமக்குக் கிடைப்பதோ ஆண்டுக்கு 100 மார்க், அதாவது 67 பவுண்டுகூட இல்லை என்று முறையிடுகிறார். ‘ஆதரவற்ற ஏழைக் கைம்பெண்’ என்று கையொப்பமிடுகிறார். மாமனார் அதை 100 பவுண்டாக உயர்த்தினார். பிழைப்புக்கு மீண்டும் அரசவையே கதி என்றானது இந்த வறுமையால்தான் என்று நினைக்கிறேன்.

முதல் பழி பொய் என்று கண்டதும் ஜேனைத் தூயவராக்கிவிடும் ஆசை வரும். அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. 1541இல் ஹென்றி வடபகுதிக்குப் பயணம் போனபோது, கேத்தரின் ஹோவர்டும் மன்னரின் அந்தரங்கப் பணியாளர் தாமஸ் கல்பெப்பரும் இரவில் சந்திக்க ஜேன் உதவினார். லிங்கனில் அரசியும் ஜேனும் பின்வாசலில் காத்திருக்க, காவலாளி விளக்கோடு வந்து கதவைப் பூட்டிவிட்டுப் போனான். கல்பெப்பரும் அவருடைய ஆளும் பூட்டைத் திறந்து நுழைந்தார்கள். ரோச்ஃபோர்டு சீமாட்டி இருக்கும்போது வாருங்கள் என்று கேத்தரின் கைப்பட எழுதிய கடிதமும் எஞ்சியிருக்கிறது. பிடிபட்டபின் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். ஜேன் ஏன் இதைச் செய்தார் என்பதற்கு ஆவணம் எதுவும் விடை தருவதில்லை. ஆகவே நீங்களும் அவர் மனத்துக்குள் புகுந்து எழுதாதீர்கள். அரசியின் கட்டளையை மறுத்தால் வேலை போகும், மன்னரிடம் சொன்னால் அரசியின் உயிர் போகும் என்ற அவருடைய நிலையை மட்டும் வாசகர்முன் வைக்கலாம்.

கோபுரத்தில் அவருடைய சித்தம் கலங்கியது. அவரை ரஸ்ஸல் சீமாட்டியின் பொறுப்பில் விட்டுத் தேற்றினார்கள், தேறியதும் கொல்வதற்காக. சித்தம் கலங்கியவர்களையும் இராஜத்துரோகத்துக்காகக் கொல்லலாம் என்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 1542 பிப்ரவரி 13 அன்று, கேத்தரினுக்கு அடுத்து அதே மேடையில் அவருடைய தலை வீழ்ந்தது. அந்தக் கலக்கத்தை நடிப்பு என்றோ குற்ற உணர்ச்சியின் விளைவு என்றோ விளக்க முற்படாமல், சட்டத்தின் கொடுமையைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டுரைக்குப் படம் தேடும்போது, ஹோல்பைன் வரைந்த ‘பார்க்கர் சீமாட்டி’ ஓவியம் ஜேனுடையது என்று உங்கள்முன் வந்து நிற்கும். அது அவருடைய சகோதரனின் மனைவி கிரேஸ் நியூபோர்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐயத்துக்கு இடமற்ற ஜேனின் உருவம் எதுவும் நம்மிடம் இல்லாததால், படமின்றி வெளியிடுவதே முறை.

கடைசியாக, எழுதி முடித்த பிரதியில் ‘என்று சொல்லப்படுகிறது’, ‘எனக் கருதப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். யார் சொன்னது என்பதை மறைத்துக்கொண்டு பழியை மட்டும் கடத்திவிடும் வசதி நம் மொழியின் இந்த முடிப்புகளுக்கு உண்டு. ஒவ்வொன்றிலும் சொன்னவரின் பெயரையும் ஆண்டையும் இட்டு நிரப்புங்கள். நிரப்ப முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.