அலுமினியப் பள்ளிப் பெட்டிக்குள் ஒரு கணினி

சின்னக் கணினிக்குக் கூடு செய்ய வீட்டுப் பொருள் தேடுகிறவர்கள் முதலில் பரணைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் பிள்ளைகள் புத்தகம் வைத்து எடுத்துப்போன அலுமினியப் பெட்டி அங்கே கிடக்கலாம். இல்லாவிட்டால் வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துக் காயலான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கைப்பிடி, கீல், கொக்கி எல்லாம் அதிலேயே இருக்கும். தகடு மெல்லியது, சாதாரண கை டிரில்லுக்கே மசியும்.

எவர்சில்வர் டப்பா பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதில் தேறாது. துளை போடும்போது பிட் வழுக்கிச் சுற்றினால் அந்த இடமே இறுகிவிடும், பிறகு எந்த பிட்டும் இறங்காது. பிஸ்கட் தகர டின்னில் வெட்டுவது எளிது. ஆனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் வெட்டிய விளிம்பிலிருந்துதான் துரு தொடங்கும். பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், சூட்டில் நெளியும்.

பெட்டியை எடுக்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெயின்ட் அடித்த தகரம். உள்ளே அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துவிட்டது என்று பொருள், வேறு பெட்டி பாருங்கள். பழைய பெயின்டைச் சுரண்டுவதானால் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

அளவுகள்

மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன வகை மதர்போர்டு 170 மி.மீ. சதுரம். பெட்டியின் உள்ளளவு குறைந்தது 300 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். உயரக் கணக்கு இப்படி: போர்டைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் ஸ்பேசர் 10, போர்டின் தடிமன் 1.6, போர்டுக்கு மேல் பிராசசர் ஏறக்குறைய 8, அதன்மேல் அதைக் குளிர்விக்கும் 37 மி.மீ. உயரமுள்ள குட்டைக் கூலர். மொத்தம் சுமார் 57, மீதி காற்றுக்கு. பிராசசரோடு வரும் சாதாரண கூலர் இதைவிட உயரம். அதையே போடுவதானால் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பிராசசர் 35 வாட் வகையாக இருக்கட்டும், ஐ5-6500டி போல. மே மாதத்தில் மாடி அறை 35 டிகிரியைத் தாண்டும் ஊரில், இவ்வளவு சின்ன இடத்துக்குள் 65 வாட் சிப்பை முழு வேகத்தில் ஓட்டினால் மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும். கிராபிக்ஸ் கார்டு இதில் அடங்காது. போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஒரு கேபிள் குறையும்.

மின்சாரம் பெட்டிக்கு வெளியே

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 230 வோல்ட் எந்த வடிவத்திலும் இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. வெளியே 12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர். உள்ளே போர்டின் 24 பின் சாக்கெட்டில் நேராகச் செருகும் பிகோ பிஎஸ்யு, அதாவது கட்டைவிரல் அளவு பவர் சப்ளை. ரிச்சி தெருவில் இரண்டுக்கும் கேட்டுப் பாருங்கள். 35 வாட் சிப், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறி எல்லாம் சேர்த்து 70 வாட்டுக்குள் அடங்கும், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர். 120 வாட் அடாப்டர் திணறாமல் ஓடும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகுவது. சாதாரண பிகோ பிஎஸ்யு, வரும் 12 வோல்ட்டை அப்படியே போர்டின் 12 வோல்ட் வழிக்குக் கடத்திவிடும் வகை. 19 கொடுத்தால் 19 போகும், போர்டு அதோடு சரி. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதும் கூடாது, சார்ஜ் ஆகும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும். இரண்டாவது தவறு, அடாப்டரின் உருண்டை பிளக் செருகும் மலிவான பேரல் ஜாக். பல ஜாக்குகள் 5 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் சூடேறி, உருகி, தளர்ந்து, கணினி திடீர் திடீரென்று அணைந்து எழும். 8 அல்லது 10 ஆம்பியர் ஜாக் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியைத் தொட்டால் சுரீரென்று இழுத்தால் எர்த் சரியில்லை. இரண்டு பின் அடாப்டரில் இது சகஜம். மூன்று பின் அடாப்டர் வாங்கி, செருகாமல், மல்டிமீட்டரின் பீப் நிலையில் எர்த் பின்னுக்கும் டிசி பிளக்கின் வெளிப்பக்கத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டியின் அடித் தகட்டிலிருந்து ரிங் லக் (திருகில் மாட்டும் வளையமுனை) வைத்து ஒரு பச்சை ஒயரை மூன்று பின் பிளக்கின் எர்த்துக்குத் தனியாகக் கொண்டுபோங்கள். கீலில் பெயின்ட் இருந்தால் மூடிக்கு எர்த் கிடைக்காது, மூடியையும் அடியையும் ஒரு சிறு ஒயரால் இணைக்க வேண்டும். பழைய லைன் வீடுகளில் சுவர்ப் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருந்தாலும் பின்னால் எர்த் இல்லாமலிருக்கலாம். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே பெட்டியை இணையுங்கள். நியூட்ரலை எர்த்தோடு முறுக்கிவிடும் குறுக்கு வழிக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

குறி, துளை, வெட்டு

பெட்டியைப் படுக்கவைக்க வேண்டாம். எடுத்துப்போகும்போது இருப்பதுபோல, கைப்பிடி மேலாகவும் கீல் கீழாகவும் நிற்கட்டும். மேசையில் இடம் மிச்சம். காற்றுத் துளை பக்கவாட்டில் வருவதால், ஐப்பசி மழையில் கூரை சொட்டினாலும் நேராக உள்ளே விழாது. கீல் துருத்தி நிற்கும் என்பதால் 15 மி.மீ. உயர ரப்பர் புஷ் நான்கு வேண்டும்.

போர்டின் போர்ட்டுகள் குறுகிய பக்கச் சுவர் வழியாக வெளியே வரட்டும். நீளப் பக்கம் ஒன்றில் கீல், மற்றதில் கொக்கி, இரண்டையும் தொடக் கூடாது. போர்ட்டுகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகட்டுக்கான திறப்பு 158.75 × 44.45 மி.மீ. விளிம்பில் கம்பி வைத்து மடித்திருக்கும் பகுதிவரை வெட்டிவிடாதீர்கள். அந்த மடிப்புதான் பெட்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. அடிப்பாதியின் சுவர் 55 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் 6 மி.மீ. ஸ்பேசருக்கு மாறுங்கள்.

போர்டின் நான்கு துளைகளும் செவ்வகமாக அமைந்திருக்கும் என்று நம்பி ஸ்கேலால் குறிப்பது தவறு. ஒரு துளை விலகியிருக்கும். போர்டை அட்டையில் வைத்துப் பென்சிலால் துளைகளைக் குறித்து, பின்பக்கத் தகட்டைப் போர்ட்டுகளில் மாட்டி அதன் இடத்தையும் குறித்து, அந்த அட்டையைப் பெட்டிக்குள் ஒட்டி, சென்டர் பஞ்ச்சால் தட்டுங்கள். பிறகு 2 மி.மீ. பிட்டில் தொடங்கி 3.2 மி.மீ. வரை போகலாம்.

அலுமினியம் பிட்டிலும் ரம்பத்திலும் ஈஷிக்கொள்ளும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள், அல்லது பிளேடில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். பெரிய திறப்புக்கு நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை போட்டு, இஞ்சுக்கு 24 பல் உள்ள ஹேக்சா பிளேடால் அறுத்து, அரத்தால் சீவலாம். தகட்டின் அடியில் பலகைத் துண்டு இல்லாமல் அறுத்தால் நெளிந்துவிடும்.

காற்றுக்கு இரண்டு வட்டத் துளைகள், ஒவ்வொன்றும் 75 மி.மீ. ஒன்று மூடியில், கூலரின் நேர் எதிரே. மற்றொன்றும் மூடியில்தான், போர்ட்டுகளுக்கு எதிர்ப்பக்கம், போர்டுக்கு அப்பால், மேல் மூலையில். அங்கே 80 மி.மீ. மின்விசிறி காற்றை வெளியே தள்ளும், அதன் திருகுத் துளைகளின் இடைவெளி 71.5 மி.மீ. வட்டமாக அறுக்கும் ஹோல் சா பிட் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேளுங்கள். சின்னச் சின்னத் துளைகளாகப் போட்டால் அழகு, ஆனால் 5 மி.மீ. துளைகளை 8 மி.மீ. இடைவெளியில் நெருக்கிப் போட்டாலும் காற்றுக்குத் திறப்பது 35 சதவீதப் பரப்பு மட்டும். ஒரே வட்டமாக வெட்டி வலை போடுவது மேல்.

கூலருக்கும் மூடிக்கும் நடுவே 20 மி.மீ. சொச்சம் சந்து விட்டுவைத்தால், கூலர் தான் கக்கிய சூட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சும். அந்தச் சந்தைச் சுற்றி ஸ்பாஞ்சு வளையம் ஒட்டுங்கள். வெளிக்காற்று மட்டும் கூலருக்குப் போக வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பல பெட்டிகள் காரணம் தெரியாமல் சூடாகின்றன.

மூடியில் கூலருக்கு எதிரே உள்ள வட்டத்தில் உட்பக்கமாக நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். எண்ணூர், மணலி வட்டாரத்தில் கண்டெய்னர் லாரிகள் போகும் சாலையோர வீடுகளில் கறுப்புத் தூசி வேகமாக ஏறும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலையைத் தட்ட வேண்டும். வெளியேற்றும் மின்விசிறியை பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) கொஞ்சம் மெதுவாக வையுங்கள். அது வேகமாக இழுத்தால் போர்ட் சந்துகள் வழியாகத் தூசி உள்ளே நுழையும்.

பொருத்துதல்

எல்லா வெட்டு வேலையும் முடிந்து, பிரஷ்ஷால் துடைத்து, மூலைகளில் செல்லோ டேப் ஒற்றி எடுத்து, ஒரு துகள்கூட இல்லை என்ற பிறகே போர்டைக் கையில் எடுங்கள். ஸ்பேசர்களுக்கு நடுவே அடித் தகட்டில் ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றை வெட்டி ஒட்டினால், போர்டு வளைந்தாலும் தகட்டில் படாது.

பித்தளை ஸ்பேசரும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அலுமினியத்திலேயே செய்த எம்3 ஸ்பேசர் வாங்குங்கள். முறுக்கிய பிறகு வெளிப்பக்கத் திருகுத் தலையைச் சுற்றி நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவினால் ஈரம் இறங்காது. வெட்டு விளிம்புகளுக்கும் அதுவே போதும். அடாப்டர் ஒயர் உள்ளே வரும் துளையில் ஒயர் வெட்டுப்படாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) கட்டாயம்.

உலோகப் பெட்டிக்குள் வைஃபை ஆன்டெனாவை வைத்தால் சிக்னல் வராது. 6.5 மி.மீ. துளையில் எஸ்எம்ஏ கனெக்டரைப் பொருத்தி ஆன்டெனாவை வெளியே நிறுத்துங்கள். பவர் பட்டனுக்கு 16 மி.மீ. துளை, அழுத்தி விட்டால் திரும்பும் வகை. அதன் இரண்டு ஒயரும் போர்டின் பவர் சுவிட்ச் பின்களில், எப்படி மாற்றிச் செருகினாலும் வேலை செய்யும்.

முதலில் மூடியைத் திறந்தபடி அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி பிராசசர் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஸ்ட்ரெஸ்-என்ஜியும் எல்எம்-சென்சார்ஸும் போதும், விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ. பிறகு மூடி, இன்னொரு அரை மணி. வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் ஸ்பாஞ்சு வளையத்தில் சந்து இருக்கிறதா, வலை அடைக்கிறதா, மின்விசிறி தலைகீழாக இருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். மூடிய நிலையில் 85 டிகிரியைத் தாண்டினால் பயாஸில் டர்போவை, அதாவது பிராசசரின் கூடுதல் வேகத்தை, அணைத்துவிடலாம். இந்தச் சோதனையை மார்கழியில் செய்திருந்தால், சித்திரையில் ஒரு பகல் இரண்டு மணிக்கு மறுபடி செய்து பாருங்கள்.